அச்சு நம்முடையதாக இருக்கட்டும்: ஒரத்தநாடு மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சகோதரிகளுக்கு,

ஒரத்தநாடு, பாப்பாநாடு, திருவோணம், கண்ணந்தங்குடி சுற்றுவட்டாரத்து மகளிர் சுய உதவிக் குழுக்களில், கையால் வாழ்த்து அட்டை செய்து விற்கலாமா என்று யோசிக்கும் அனைவருக்கும் இந்த மடல். தையல், ஊறுகாய், மசாலாப் பொடி, சணல் பை என்று குழுக்களுக்குச் சொல்லித்தரும் தொழில்களின் வரிசையில் காகிதக் கைவேலையும் சேர்ந்திருக்கிறது. அதற்கான சாமான்கள் இணையக் கடைகளில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கின்றன. கையால் சுற்றும் சின்ன உருளை இயந்திரம், பூவும் இலையும் வெட்டித் தரும் மெல்லிய எஃகு டை, தாளில் மேடுபள்ளம் எழுப்பும் பிளாஸ்டிக் தகடு, ஸ்டாம்பு, மை, உருகும் பவுடர் எல்லாம் உண்டு. பார்த்த மாத்திரத்தில் வாங்கத் தோன்றும். குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். இந்தத் தொழில் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. உருளையை வாங்குங்கள், மையை வாங்குங்கள், தாளை வாங்குங்கள். உருவத்தை மட்டும் வாங்காதீர்கள். டையும் ஸ்டாம்பும் புடைப்பு அச்சும் உங்கள் கோட்டிலிருந்து வெட்டியவையாக, உங்கள் குழுவுக்குச் சொந்தமானவையாக இருந்தால்தான் இது தொழில். இல்லாவிட்டால் யாரோ வரைந்ததை ஒட்டிக் கொடுக்கும் வேலை, அதிலும் கூலி கட்டாத வேலை.

முதலில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். புடைப்புக்கு இரண்டு வழி. ஒன்றில், ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் அதற்கு ஈடான பள்ளமும் உள்ள இரண்டு தகடுகளுக்கு நடுவே தாளை வைத்து உருளையில் விடுகிறார்கள். அழுத்தத்தில் தாளின் நார்கள் இழுபட்டு உருவம் எழும்புகிறது. அட்டையின் பின்னணி முழுக்கக் கொடியோ கட்டமோ புள்ளியோ எழும்பி நிற்பது இந்த முறையில்தான். மற்றொன்றில், சீக்கிரம் காயாத மையில் ஸ்டாம்பு குத்தி, ஈரம் இருக்கும்போதே பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, சூட்டுக் கருவியைக் காட்டுகிறார்கள். பவுடர் உருகிப் பளபளவென்று கோடாக எழுந்து நிற்கும். டை வெட்டுவதும் அதே உருளையில்தான். விளிம்பு கூரான எஃகைத் தாள்மேல் வைத்து அழுத்தினால் பூ தனியே வந்துவிடும். இவற்றில் எதையும் ஒரு வாரத்தில் பழகிவிடலாம். சீக்கிரம் பழகிவிடலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி, இதன் ஆபத்தும் அதுதான். கைப்பழக்கத்துக்கு ஒரு வாரம் போதும் என்றால், அடுத்த ஊர்க் குழுவுக்கும் ஒரு வாரம் போதும். அப்படியானால் உங்கள் அட்டையை மற்றவர் அட்டையிலிருந்து பிரித்துக் காட்டுவது எது? தாள் எல்லோருக்கும் ஒன்று. மை ஒன்று. உருளையும் ஒன்று. மிஞ்சுவது அச்சில் இருக்கும் உருவம் மட்டும்தான்.

கடைப் பெட்டியில் வரும் உருவங்களைக் கவனித்துப் பாருங்கள். ஊசியிலை மரம், பனித்துகள், ரோஜா, பலூன், தேநீர்க் கோப்பை, இங்கிலீஷில் பிறந்தநாள் வாழ்த்து. ஒரே டையை உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் வாங்கியிருப்பார்கள். சென்னையில் ஒருவர் பொழுதுபோக்காகச் செய்யும் அட்டையும், பாப்பாநாட்டில் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்யும் அட்டையும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். இதில் சட்டச் சிக்கலும் உண்டு. ஸ்டாம்பு விற்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் பல, தங்கள் உருவத்தை வைத்துச் செய்த அட்டையை விற்க நிபந்தனை போடுகின்றன. கையால் குத்தியதாக இருக்கவேண்டும், இத்தனைக்கு மேல் போகக்கூடாது, எங்கள் பெயரைப் போடவேண்டும் என்று சில. சொந்த உபயோகத்துக்கு மட்டுமே என்று சில. பொழுதுபோக்குக்காரர்களுக்கு அது பொருட்டில்லை. 500 அட்டைக்கு ஆர்டர் எடுக்கும் குழுவுக்கு அதுதான் முதல் கேள்வியாக இருக்கவேண்டும். பெட்டியைப் பிரிக்கும் அவசரத்தில் அந்தப் பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை.

அச்சைப் பிறரிடம் வாங்குவதா, தானே செய்துகொள்வதா என்ற கேள்வி நம் காவிரிப் பகுதிக்குப் புதிதல்ல. 300 ஆண்டுகளுக்கு முன்பே தரங்கம்பாடியில் அது எழுந்தது. அங்கிருந்த கிறிஸ்தவப் பாதிரியார் சீகன்பால்கு தமிழில் நூல் அச்சிட முனைந்தபோது, தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் உள்ள ஹாலே நகரில் வார்த்து அனுப்பினார்கள். 1713-ல் அவை வந்து சேர்ந்தன. எழுத்து வந்ததே பெரிய காரியம்தான். ஆனால் அவை அளவில் மிகப் பெரியவை. ஒரு பக்கத்தில் கொஞ்சம் வரிகள்தான் அடங்கின, தாளை எக்கச்சக்கமாகத் தின்றன. அன்றைக்குத் தாளும் கப்பலில் வரவேண்டிய சரக்கு. என்ன செய்தார்கள்? தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் பொறையாறில் வார்ப்படம் வைத்து, சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். தாளுக்கும் அங்கேயே ஆலை வைத்துப் பார்த்தார்கள். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முடிந்தது. அந்த மதப் பணியைப் பற்றி உங்களுக்கு என்ன கருத்து இருந்தாலும், தொழில் முறையில் அது சரியான முடிவு. தூரத்தில் இருப்பவன் தன் வசதிக்கு வார்த்த அச்சு இங்கிருக்கும் தாளுக்கும் தேவைக்கும் பொருந்துவதில்லை. பொருந்தவேண்டும் என்றால் அச்சு வெட்டும் இடம் வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும்.

இதற்கு எதிராக ஒரு நல்ல உதாரணத்தை யாராவது எடுத்துப் போடலாம், நானே போடுகிறேன். அமெரிக்காவில் வூஸ்டர் நகரத்து எஸ்தர் ஹவ்லண்ட் 1847-ல் கல்லூரிப் படிப்பை முடித்தவர். தந்தைக்குக் காகிதப் பொருள் கடை. இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு காதலர் தின அட்டையைப் பார்த்து, புடைப்பும் சல்லடை வேலையும் உள்ள தாளை அங்கிருந்தே தருவித்து, தோழிகளை மேசையைச் சுற்றி உட்காரவைத்தார். ஒருவர் வெட்ட, ஒருவர் அடுக்க, ஒருவர் ஒட்ட என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார். தொழில் பெருகியது. ஏறக்குறைய இன்று உங்கள் குழு யோசிக்கும் ஏற்பாடுதான் அது. அவர் அச்சைப் பிறரிடம் வாங்கித்தானே ஜெயித்தார் என்று கேட்டால், ஆமாம். ஆனால் அன்று அமெரிக்காவில் அந்தத் தாள் எல்லோர் கையிலும் இல்லை. பொருள் அரிதாக இருந்தது, அதனால் அடுக்கி ஒட்டும் வேலைக்கே விலை கிடைத்தது. இன்று யார் வேண்டுமானாலும் போனில் தட்டினால் மூன்றாம் நாள் அதே டை வீட்டு வாசலில் இருக்கிறது. 1881-ல் ஹவ்லண்டின் தொழிலை வாங்கிய விட்னி நிறுவனம், தாளுக்கு வெளிநாட்டை நம்பியிருக்காமல் புடைப்புத் தாளைத் தானே செய்யும் இயந்திரங்களை வைத்துக்கொண்டது. நீடித்து நிற்க நினைத்தவர்கள் அச்சைக் கைக்குள் கொண்டுவந்தார்கள் என்பதற்கு இந்தக் கதையும் சாட்சிதான்.

நமக்கு அச்சு வெட்டவும் புடைப்பு எழுப்பவும் யார் சொல்லித் தருவார்கள் என்று கேட்பீர்கள். ஒரத்தநாட்டிலிருந்து பஸ் ஏறினால் தஞ்சாவூர். தஞ்சாவூர்க் கலைத்தட்டு செய்பவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது இதைத்தான், தாளுக்குப் பதில் உலோகத் தகட்டில். பித்தளையில் அடித்தட்டு. நடுவில் வெள்ளித் தகட்டில் தெய்வ உருவம். சுற்றிலும் செம்பிலும் வெள்ளியிலும் பூவும் கொடியும். மெல்லிய தகட்டை அச்சின் மேல் வைத்துத் தட்டி உருவத்தை எழுப்புகிறார்கள். பின்னால் குழிவாக இருக்கும் இடத்தை அரக்குக் கலவையால் நிரப்புகிறார்கள். பிறகு தட்டின் மேல் பொருத்தி, ஓரத்தைப் புள்ளி புள்ளியாகத் தட்டி இறுக்குகிறார்கள். இதில் அட்டை செய்பவர்கள் கற்கவேண்டியது அந்த நடுக் காரியம், குழிவை நிரப்புவது. புடைப்புத் தாளின் பின்பக்கம் முழுக்கப் பசை தடவி அடிஅட்டையில் அழுத்தி ஒட்டினால், எழுப்பிய உருவம் பாதி அமுங்கிவிடும். உறைக்குள் போய், தபால் கட்டில் இன்னும் பத்துக் கடிதங்களுக்கு அடியில் கிடந்தால் மிச்சமும் போகும். பின்னால் குழிவான இடங்களில் சின்னச் சின்ன ஃபோம் துண்டோ, பசையில் குழைத்த காகிதக் கூழோ வைத்து, ஓரத்தில் மட்டும் பசை கொடுத்தால் உருவம் நிற்கும். தஞ்சாவூர் ஓவியக்காரர்கள் சுண்ணாம்புப் பொடியும் பசையும் குழைத்த மக்கை வைத்து நகையையும் வளைவையும் எழுப்புவது இன்னொரு வழி. அதைத் தாளில் செய்யலாம், ஆனால் மடியும் இடத்தில் வெடித்துவிடும். விறைப்பான துண்டு அட்டையில் செய்து பிறகு ஒட்டவேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கலைத்தட்டும் தஞ்சாவூர் ஓவியமும் புவிசார் குறியீடு பெற்றவை. தாளில் எழுப்பிய உருவத்தைக் கலைத்தட்டு என்றோ தஞ்சாவூர் ஓவியம் என்றோ பெயர் போட்டு விற்றால் அது சட்டப்படியும் தவறு, அந்தக் கைவினைஞர்களின் வயிற்றில் அடிப்பதும் ஆகும். அவர்களின் அச்சை நைசாகப் பிரதி எடுப்பதும் கூடாது. முறையானது, உங்கள் வரைபடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, கூலி பேசி, ஓர் உலோக அச்சு வெட்டித் தரச் சொல்வது. அவர்களுக்கும் புதிதாக ஒரு வாடிக்கை. தெய்வ உருவங்களைத் தவிர்ப்பதும் நல்லது. அதற்கு நடைமுறைக் காரணம் உண்டு: சாமி படம் போட்ட அட்டையைக் குப்பையில் போட நம் ஜனங்களுக்கு மனசு வராது, வைத்துக்கொள்ளவும் இடம் இருக்காது. அந்தச் சங்கடத்தை நினைத்தே வாங்கத் தயங்குவார்கள்.

எங்களுக்குப் படம் வரையத் தெரியாதே என்பது இன்னொரு தயக்கம். குழுவில் இருப்பவர்களின் வீடுகளில் கோல நோட்டு எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். புடைப்புப் பின்னணிக்குக் கோலத்தைவிடப் பொருத்தமான உருவத்தை எந்த நிறுவனமும் விற்கவில்லை. ஒரே கனத்தில் ஓடும் கோடு, சமமாக விரவிய புள்ளி, எந்தப் பக்கமும் நீட்டிக்கொண்டே போகக்கூடிய அமைப்பு. புடைப்பு அச்சுக்கு வேண்டிய மூன்றும் அதில் இருக்கின்றன. ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். சிக்குக் கோலத்தை அப்படியே டையாக வெட்டக் கூடாது. சுழிகள் மூடியிருப்பதால் ஒவ்வொரு சுழிக்கும் உள்ளே இருக்கும் தாள் துண்டு பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கோடு மட்டும் நூலாம்படையாகத் தொங்கும், கை பட்டால் கிழியும். டைக்கு என்றால் ஒவ்வொரு சுழியிலும் ஒன்றிரண்டு இடத்தில் கோட்டை வெட்டாமல் விட்டு, உள்துண்டைப் பிடித்துக்கொள்ளப் பாலம் வைக்கவேண்டும். கடையில் விற்கும் தகரக் கோல அச்சுகளில் கோட்டுக்குப் பதில் ஓட்டை ஓட்டையாகப் போட்டிருப்பது இதே சிக்கலுக்குத்தான். அதனால் சிக்குக் கோலத்தைப் புடைப்புக்கும் ஸ்டாம்புக்கும் வைத்துக்கொண்டு, டைக்கு நெற்கதிர், வாழையிலை, கரும்பு, மாவிலைத் தோரணம் போன்ற முழு உருவங்களை எடுத்துக்கொள்ளலாம். ஊரின் அடையாளம் வேண்டுமென்றால் கண்ணெதிரே இருக்கிறது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரத்தின் தூண்களை வரைந்து ஒரு ஸ்டாம்பு வெட்டினால், அந்த அட்டையை உங்கள் குழுவைத் தவிர வேறு யாரிடமும் வாங்க முடியாது. தஞ்சையில் தேவநாகரி அச்சகம் வைத்த ராஜா அவர், ஆட்சேபிக்க மாட்டார்!

சரி, யார் வாங்குவார்கள்? இதுதான் பெரிய ஆட்சேபம், இதை மழுப்பக் கூடாது. 1980-களிலும் 90-களிலும் மார்கழி பிறந்தால் கடை வாசலில் கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்து அட்டைகள் தொங்கும். பானை, கரும்பு, மாட்டுவண்டி, சினிமா நட்சத்திரம், கட்சித் தலைவர் என்று யாருக்கு யாரைப் பிடிக்குமோ அவர் படம். தபால்காரர் கட்டுக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வருவார். கைப்பேசி வந்தது, குறுஞ்செய்தி வந்தது, பிறகு வாட்ஸ்அப். அந்தப் பழக்கம் போய்விட்டது. திரும்பி வரும் என்று யாராவது உங்களுக்கு நம்பிக்கை கொடுத்தால் நம்பாதீர்கள். ஆனால் போனது எது என்று யோசிக்கவேண்டும். அந்த அட்டை சுமந்தது ஒரு செய்தியை. செய்தி வேறு வண்டியில் ஏறிவிட்டது. நீங்கள் செய்யப்போவது செய்தி அனுப்பும் பொருள் அல்ல, கையில் கொடுக்கும் பொருள். விரல் வைத்துத் தடவிப் பார்க்கும்படி எழுந்து நிற்கும் உருவத்தைப் போனில் அனுப்ப வழியில்லை. போட்டோ எடுத்து அனுப்பினாலும் அது தட்டைதான். எனவே தபால்பெட்டியை மறந்துவிட்டு, நேரில் கொடுக்கும் சந்தர்ப்பங்களைக் கணக்கெடுங்கள். கல்யாணம், வளைகாப்பு, காதணி விழா, புதுமனை புகுவிழா, பணி ஓய்வு. நம் பக்கம் மொய் எழுதாத விசேஷம் உண்டா? பேராவூரணிப் பக்கத்தில் ஆடி மாதத்து மொய் விருந்து ஊர் பெயரையே பிரபலப்படுத்தியிருக்கிறது. ஒரு ரூபாய்க் காசு ஒட்டிய அச்சுக் கவரில் ஆயிரம், ஐயாயிரம் வைத்துக் கொடுப்பவர்களில், நெருங்கிய உறவுக்காவது நல்ல கவர் தேடுபவர்கள் இருக்கிறார்கள். முகப்பில் கோலம் புடைத்து, காசு உட்கார வட்டமாகக் குழிவு வைத்து, உள்ளே நாலு வரி எழுத இடம் விட்ட மொய் அட்டையை, எனக்குத் தெரிந்து, எந்த வெளிநாட்டுப் பெட்டியும் தராது.

சிவகாசிக்காரன் அதைப் பத்து ரூபாய்க்கு அடித்துத் தருவானே என்றால், தருவான். அவனோடு போட்டி போட்டால் தோற்பீர்கள். கணக்கைப் பாருங்கள். ஓர் அட்டைக்கு 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்தில் 12 அட்டை. 2025-26-க்கு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். அந்தக் கூலி கிடைத்தால் போதும் என்று நீங்கள் நினைத்தாலும், ஓர் அட்டைக்கு உழைப்பு மட்டும் 28 ரூபாய். தாள், உறை, மை, பவுடர், பாழாகும் துண்டு எல்லாவற்றுக்கும் பதினைந்தோ இருபதோ சேருங்கள். கடையில் வைத்து விற்றால் கடைக்காரருக்கு ஒரு பங்கு. எழுபது எண்பதுக்குக் கீழே விலை வைத்தால், உங்கள் உழைப்பை ஊருக்குத் தானம் செய்கிறீர்கள் என்று அர்த்தம். எண்பது ரூபாய்க்கு ஒருவர் வாங்கவேண்டுமானால், பத்து ரூபாய் அட்டையில் இல்லாதது ஏதாவது அதில் இருக்கவேண்டும். கையால் செய்தது என்ற பெயர் அதற்குப் போதாது. ஊசியிலை மரத்தைக் கையால் ஒட்டியிருந்தால் என்ன, இயந்திரம் அடித்திருந்தால் என்ன? சுற்றிவளைத்து மறுபடியும் அச்சுக்கே வருகிறோம்.

சிவகாசியை எதிரியாகப் பார்ப்பதைவிட வேலைக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அங்கே பெட்டி செய்யும் தொழிலுக்காக, பலகையில் எஃகுப் பட்டியை வளைத்துப் பதித்து டை செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அட்டையின் வெளி வடிவத்துக்கு அப்படி ஒரு டை போதும். வெட்டுவதற்கும் மடிப்புக்கோடு போடுவதற்கும், பத்திரிகை அடிக்கும் சின்ன அச்சகங்களில் இன்னும் சில இடங்களில் பழைய டிரெடில் மெஷின் நிற்கிறது. எழுத்துக் கோத்த காலம் போய், பஞ்சிங்குக்கும் கிரீசிங்குக்கும் அது உழைத்துக்கொண்டிருக்கிறது. ஆயிரம் தாளை அங்கே கொடுத்து வெட்டி வாங்கிவிட்டால், குழுவின் நேரம் புடைப்பிலும் ஸ்டாம்பிலும் செலவாகும். அப்படியானால் அது கைவேலை ஆகுமா என்று சிலர் கேட்பார்கள். நெல்லை மெஷினில் அறுத்துவிட்டு வீட்டில் ஆக்கினால் அது வீட்டுச் சாப்பாடு இல்லையா? எந்த இடத்தில் உங்கள் கண்ணும் கையும் தேவையோ அதை மெஷினுக்கு விடாமல் இருந்தால் சரி.

ஒரே வாடிக்கையாளரை நம்பக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொள்ளிடத்தின் வடகரையில் கோடாலிக் கருப்பூரில், தஞ்சை மராத்திய அரச குடும்பத்துக்காக ஒரு சேலை நெய்தார்கள். நெசவிலேயே ஜரிகையும், மேலே மெழுகு வைத்துச் சாயமும் சேர்ந்த அபூர்வமான வேலைப்பாடு. 1855-ல் அந்த அரசப் பட்டம் முடிவுக்கு வந்ததும் வாங்க ஆளில்லை, சேலை மெல்ல மறைந்தது. அச்சும் நுட்பமும் கையில் இருந்தாலும் சந்தை ஒன்றேயானால் அந்தக் கதிதான். மாவட்ட நிர்வாகம் ஒருமுறை மொத்தமாக வாங்கிவிட்டால் அதையே நம்பி உட்கார்ந்துவிடும் குழுக்களுக்கு இது பொருந்தும். பூம்புகார் விற்பனை நிலையம், மதி அங்காடி, தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருபவர்கள் போகும் கடைகள், சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் என்று நாலு பக்கமும் கால் வைக்கவேண்டும். 1979-ல் தொடங்கிய கிரை அமைப்பு குழந்தைகள் நலனுக்கான நிதியில் பெரும்பகுதியை வாழ்த்து அட்டை விற்றே பல ஆண்டுகள் திரட்டியது. வாங்கியவர்கள் அட்டையின் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதற்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்தார்கள். உங்கள் அட்டையின் பின்பக்கத்தில் குழுவின் பெயரும் ஊரும் தமிழில் இருக்கட்டும்.

தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் ஊர் மழை எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லை. நெல் விளையும் பூமியாயிற்றே, வைக்கோலில் தாள் செய்யலாமே என்ற யோசனை சுலபமாக வரும். வைக்கோல் நார் குட்டையானது, சிலிக்காவும் அதிகம். அதில் மட்டும் செய்த தாள் மொறமொறவென்று இருக்கும், ஆழமாகப் புடைத்தால் மேட்டின் உச்சியில் வெடிக்கும். புடைப்புக்கு நீண்ட நார் வேண்டும். பனியன் துணி வெட்டுக் கழிவு போன்ற பருத்தியில் செய்த கைத்தாள் அதற்கு ஏற்றது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் கூடம் 1959-லிருந்து நடக்கிறது, அங்கிருந்தே வாங்கலாம். தாள் செய்வதையும் குழு தலையில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை. இதைச் சொல்லும்போது ஜே.சி. குமரப்பாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். 1934-ல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வர்தாவில் இருந்து நடத்தி, கைத்தாள் தொழிலுக்கு உயிர் கொடுத்தவர். ராஜஸ்தானில் சாங்கானேரில் இருக்கும் தேசியக் கைத்தாள் நிறுவனம் அவர் பெயரில் இருக்கிறது. கிராமத்து உழைப்பின் பலன் கிராமத்திலேயே தங்கவேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர், வெளிநாட்டு டையை வாங்கி ஒட்டும் திட்டத்தைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நீங்களே ஊகிக்கலாம்.

பொங்கலுக்கு விற்கவேண்டிய சரக்கை நாம் செய்ய நினைப்பது ஐப்பசி, கார்த்திகையில். சம்பா நடவும் களையும் முடிந்து கை ஓய்ந்திருக்கும் காலம் அது, ஆனால் வடகிழக்குப் பருவமழையும் அதே காலம். காற்றில் ஈரம் ஊறிய தாள் நெளியும், பசை காயாது, எழுப்பிய மேடு இரண்டு நாளில் தளர்ந்து படியும். இதற்கு ஒரே வழி வேலையை இரண்டாகப் பிரிப்பது. வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறப்பதற்கு முன், சித்திரை, வைகாசி வெயிலில் வயலில் வேலை குறைவு, தாளுக்கும் அது நல்ல காலம். புடைப்பை அப்போதே முடித்துவிடவேண்டும். புடைப்பதற்குச் சற்று முன் தாளின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டால் நார் இளகிக் கொடுக்கும், வெடிக்காது. புடைத்த தாளை நன்றாக உலரவிட்டு, மேலே பாரம் ஏற்றாமல் காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கிவிடலாம். ஸ்டாம்பும் அலங்காரமும் ஒட்டுவதும் மட்டும் மார்கழியில். உருளை இயந்திரம் ஒன்றே ஒன்றை மூன்று நான்கு குழுக்கள் முறைவைத்துப் பயன்படுத்தவும் இந்த ஏற்பாடு ஒத்துவரும், ஆளுக்கொரு மெஷின் வாங்கிக் கடனில் மாட்டவேண்டியதில்லை. மிச்சமாகும் பணத்தில் அச்சு வெட்டலாம்.

கடைசியாக, வெட்டிய அச்சை நாளைக்கு யாராவது பார்த்து அப்படியே செய்துவிட்டால்? வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் வாழ்த்து அட்டையைப் பதிவு செய்ய இந்தியாவில் வழியில்லை. ஆனால் 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் சொந்தமாக வரைந்த படத்துக்கு, வரைந்த கணத்திலிருந்தே உரிமை உண்டு. பதிவு கட்டாயமில்லை. யார், எப்போது வரைந்தார் என்பதைக் காட்ட ஆதாரம்தான் வேண்டும். வழிவழியாக எல்லோரும் போடும் கோலம் யாருக்கும் தனிச் சொத்து அல்ல. அதை வைத்து நீங்கள் புதிதாக இழைத்த அமைப்புதான் உங்களுடையது. இந்த விஷயத்தில் வெளியாளைவிடக் குழுவுக்கு உள்ளேதான் தகராறு வரும். வரைந்தவர் ஒருவர், அச்சுக்குப் பணம் போட்டது குழு, அச்சு இருப்பது தலைவி வீட்டில் என்றால் இரண்டு வருஷத்தில் சண்டை நிச்சயம். ஆகவே வரும் கூட்டத்தில் மெஷின் வாங்கும் தீர்மானத்துக்கு முன்னால் வேறொரு தீர்மானத்தை எழுதுங்கள். படத்தின் நகலைத் தீர்மானப் புத்தகத்திலேயே ஒட்டி, வரைந்தவர் பெயர், தேதி, அவருக்கு அட்டைக்கு எவ்வளவு பங்கு, அச்சு குழுவின் சொத்து, யார் பொறுப்பில் இருக்கும் என்று குறித்து, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். சித்திரைக்குள் அச்சு கைக்கு வந்தால்தான் அடுத்த தைக்கு அட்டை கடைக்குப் போகும். தஞ்சாவூருக்கு அடுத்த முறை போகும்போது கோல நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் வட்டாரத்துக்காரன்